நோபல் அறிவிப்பும் நம் மருந்துச் சீட்டும்

2025 அக்டோபர் 6, திங்கட்கிழமை, இந்திய நேரப்படி பிற்பகல் 3 மணியளவில், சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவனம் அவ்வாண்டிற்கான மருத்துவ நோபல் பரிசை அறிவித்தது. அடுத்தடுத்த நாட்களில் இயற்பியல், வேதியியல், இலக்கியம், அமைதி ஆகிய பரிசுகளும், அதற்கடுத்த திங்களன்று பொருளாதாரத்திற்கான பரிசும் அறிவிக்கப்பட்டன. மறுநாள் காலை நாளிதழ்களில் படமும் செய்தியும் வெளியாகும். அதற்கடுத்த நாளே எங்கள் புறநோயாளிகள் பிரிவில் அந்தச் செய்தித் துணுக்கை மடித்து எடுத்துக்கொண்டு சிலர் வருவார்கள். ஆண்டுதோறும் நாங்கள் காணும் காட்சி இது. "இந்த மருந்து அப்பாவுக்கு ஆகுமா? இங்கே கிடைக்குமா? அப்படியானால் இப்போது சாப்பிடுவதை நிறுத்திவிடலாமா?" என்ற மூன்று கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்பார்கள்.

அக்கேள்விகளுக்கு அமைதியாக விடை கூற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாங்கள் இரைப்பை, குடல், கல்லீரல் மருத்துவத் துறையைச் சேர்ந்தவர்கள் ஆதலால் எங்கள் எடுத்துக்காட்டுகளும் அவ்வுறுப்புகளைச் சுற்றியே அமைந்திருக்கும். இதயத் துறையினர் எழுதினால் வேறு பெயர்கள் வரும்.

பரிசு எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது?

ஆல்பிரட் நோபல் 1895 நவம்பர் 27 அன்று பாரிஸ் நகரில் தம் உயிலில் கையொப்பமிட்டார். மறு ஆண்டு டிசம்பர் 10 அன்று காலமானார். 1901 முதல் பரிசுகள் வழங்கப்பட்டு வருகின்றன. அவர் வெடிமருந்தாக மாற்றிய அதே நைட்ரோகிளிசரினை, அவருடைய நெஞ்சுவலிக்கு மருந்தாக எடுத்துக்கொள்ளும்படி அவருடைய மருத்துவர்கள் இறுதிக் காலத்தில் பரிந்துரைத்தார்கள். அம்மருந்து இரத்தக் குழாய்களை எவ்வாறு தளர்த்துகிறது என்பதை விளக்கிய மூவருக்கு 1998இல் அவர் பெயரிலான பரிசே கிடைத்தது. நெஞ்சுவலி வந்தால் நாவின் கீழ் மாத்திரை வைத்துக்கொள்ளும் நம் வாசகர்களுக்கு இச்செய்தி சுவையாக இருக்கும்.

மருத்துவப் பரிசைக் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் 50 பேராசிரியர்கள் கொண்ட நோபல் மன்றம் தேர்ந்தெடுக்கிறது. தகுதியுள்ளவர்களிடமிருந்து பரிந்துரைகள் ஜனவரி இறுதிக்குள் வந்துசேர வேண்டும். யார் யாரைப் பரிந்துரைத்தார் என்பது 50 ஆண்டுகள் வரை வெளியிடப்படுவதில்லை. அறிவிப்பு நாளன்று காலையில்தான் மன்றம் கூடி வாக்களிக்கிறது. ஆகவே செப்டம்பரிலிருந்து உலவத் தொடங்கும் "இவ்வாண்டு இவருக்கே" என்னும் பட்டியல்கள் அனைத்தும் ஊகங்களே. ஊகம் தவறென்று நாங்கள் கூறவில்லை. எங்கள் துறையின் தேநீர் அறையிலும் அது நடக்கிறது. 1930இல் சர் சி. வி. இராமன் பரிசு தமக்கே என்ற உறுதியில், அறிவிப்புக்குப் பல மாதங்கள் முன்னரே சுவீடனுக்குக் கப்பல் பயணச்சீட்டுப் பதிவு செய்தார் என்று சொல்லப்படுவதுண்டு. அவருக்கு அது பலித்தது.

ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது, இறந்தவருக்கும் வழங்குவதில்லை. இவ்விரு விதிகளும் பலரை வெளியே நிறுத்தியுள்ளன. கல்லீரல் மாற்று அறுவைக்கு வழி திறந்த தாமஸ் ஸ்டார்சல் அமெரிக்காவின் லாஸ்கர் விருதை 2012இல் பெற்றார். நோபல் கிடைக்காமலேயே 2017இல் மறைந்தார். இம்மருத்துவமனையில் மாற்றுக் கல்லீரல் பெற்று நலமாக வாழும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். பரிசுப் பட்டியல் மருத்துவத்தின் முழு வரலாறு அன்று என்பதற்கு இதைவிட எங்களுக்கு வேறு சான்று தேவையில்லை.

மாத்திரைப் பட்டைக்குள் இருக்கும் பரிசுகள்

வருகின்ற பரிசை எதிர்பார்ப்பதற்கு முன், முன்பே வந்த பரிசுகள் உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் எங்கெங்கு உள்ளன என்று பாருங்கள். 1988ஆம் ஆண்டின் மருத்துவப் பரிசை ஜேம்ஸ் பிளாக், கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகிய மூவர் பெற்றனர். பிளாக் இதய நோய்க்காக உருவாக்கிய மருந்து புரோப்ரனலால். இன்று, சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோயில், உணவுக்குழாயில் புடைத்த இரத்தக் குழாய்கள் வெடித்து இரத்த வாந்தி ஏற்படாமல் காக்க நாங்கள் தரும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று. "எனக்கு இதய நோய் இல்லையே, ஏன் இதய மாத்திரை?" என்று மருந்துக்கடையில் கேட்டுவிட்டுத் தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள். அம்மாத்திரையைத் திடீரென நிறுத்துவது தீங்கு விளைவிக்கும். தலைசுற்றலோ மிகுந்த சோர்வோ இருந்தால் எங்களிடம் கூறுங்கள். அளவைக் குறைப்பதா, மாற்றுவதா என்பதை நாங்கள் முடிவு செய்கிறோம்.

எலியனும் ஹிட்சிங்ஸும் தந்தவற்றுள் ஒன்று அசத்தியோபிரின். குடல் அழற்சி நோயாளிகள் சிலரும், தன்னெதிர்ப்பு கல்லீரல் அழற்சி உள்ளவர்களும் அதைச் சாப்பிடுகிறார்கள். எலியனின் தாத்தா இரைப்பைப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 15. அந்த இழப்பே அவரை அறிவியலின் பக்கம் திருப்பியது. முனைவர் பட்டம் பெறாமலேயே அவர் நோபல் பரிசு வரை சென்றார். இம்மாத்திரையை உட்கொள்பவர்களுக்கு நாங்கள் அடிக்கடி இரத்த அணுப் பரிசோதனை எழுதித் தருவது வருவாய்க்காக அன்று. வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று அறிவதற்காகவே.

இரைப்பைப் புண்ணின் கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். மன அழுத்தமும் காரமும் அமிலமுமே அல்சருக்குக் காரணம் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த ராபின் வாரனும் பேரி மார்ஷலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைச் சுட்டிக்காட்டினர். 1982இல் ஈஸ்டர் விடுமுறையால் ஆய்வுத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதலான நாட்கள் அப்படியே விடப்பட்டதால்தான் அக்கிருமி வளர்ந்து கண்ணில் பட்டது. யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அக்கிருமிக் கரைசலைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். பரிசு 2005இல் வந்தது. இதன் பயன் உங்களுக்கு எளியது: பரிசோதனையில் கிருமி இருப்பது உறுதியானால், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையும் அமிலக் குறைப்பு மாத்திரையையும் பெரும்பாலும் 14 நாட்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறாம் நாளே வலி நின்றுவிடும். அன்றே மாத்திரைகளும் நின்றுவிடுகின்றன. எஞ்சிய கிருமி மருந்துக்குப் பழகிக்கொண்டு மீண்டும் வளர்கிறது. இரண்டாம் முறை அதே மருந்து வேலை செய்யாது.

இவ்விடத்தில் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1926ஆம் ஆண்டின் மருத்துவப் பரிசு டென்மார்க்கின் யோகன்னஸ் ஃபிபிகருக்கு, எலிகளின் இரைப்பையில் ஒரு புழு புற்றுநோயை உண்டாக்குகிறது என்ற கண்டுபிடிப்புக்காக வழங்கப்பட்டது. அம்முடிவு பிற்காலத்தில் நிலைக்கவில்லை. பரிசு என்பது அக்காலத்து அறிஞர்களின் மதிப்பீடே. ஒரு சிகிச்சை உங்களுக்குப் பொருந்துமா என்பதற்கு அது சான்றிதழ் ஆகாது.

மஞ்சள் காமாலையும் இரு பரிசுகளும்

எங்கள் துறைக்கு மிக நெருக்கமானவை 1976, 2020 ஆகிய ஆண்டுகளின் பரிசுகள்.

பாரூக் பிளம்பர்க் கல்லீரல் நோயைத் தேடிப் போகவில்லை. மனிதரின் இரத்தப் புரதங்கள் இனத்திற்கு இனம் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதையே ஆராய்ந்துகொண்டிருந்தார். 1960களில், பலமுறை இரத்தம் ஏற்றப்பட்ட ஒரு நோயாளியின் இரத்தநீர், ஆஸ்திரேலியப் பழங்குடியைச் சேர்ந்த ஒருவரின் இரத்தத்தில் இருந்த ஏதோ ஒரு பொருளோடு வினைபுரிந்தது. அப்பொருளே ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்பது பின்னர் தெளிவாயிற்று. இன்று உங்கள் பரிசோதனை அறிக்கையில் 'எச்.பி.எஸ்.ஏ.ஜி.' என்று காணப்படுவது அதுவே. 1976இல் பிளம்பர்க்குக்கு நோபல் கிடைத்தது; 1981இல் அமெரிக்காவில் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. இந்தியாவின் தடுப்பூசித் திட்டத்தில் அது நாடு முழுவதும் இடம்பெற 2011 ஆயிற்று. பரிசுக்கும் நம் ஊர்க் குழந்தையின் தொடைக்கும் இடையே 35 ஆண்டுகள்.

அந்த இடைவெளியில் பிறந்தவர்களே இன்று எங்கள் முன் அமர்ந்திருக்கும் நோயாளிகளில் பெரும்பாலோர். எனவே வீட்டில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி இருந்தால் கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் அனைவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசியை மூன்று தவணைகளாகப் போட்டுக்கொள்ள வேண்டும். தாய்க்குத் தொற்று இருந்தால் பிறந்த 24 மணி நேரத்திற்குள் குழந்தைக்கு முதல் தவணை கிடைத்தாக வேண்டும். இவற்றைச் செய்யத் தயங்கும் குடும்பங்கள், நோயாளிக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் வைப்பதில் மட்டும் தயங்குவதில்லை. உணவைப் பகிர்வதால் இந்நோய் பரவாது. இரத்தம், பாதுகாப்பற்ற ஊசி, உடலுறவு, பிரசவம் ஆகியவற்றின் வழியாகவே பரவும். சவர அலகையும் பல்துலக்கியையும் பகிராதிருந்தால் போதும்; தட்டைப் பிரிக்க வேண்டாம்.

பிளம்பர்க்குக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுக்கும் நம் மரபை அடிப்படையாகக் கொண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழுவினரும் பிளம்பர்க்கும் இணைந்து ஹெபடைடிஸ் பி தொற்றுள்ளவர்களிடம் ஆய்வு நடத்தினர். அதன் முடிவு 1988இல் லான்செட் இதழில் வெளிவந்து பெரும் நம்பிக்கையைத் தோற்றுவித்தது. பிற இடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அதே விளைவு கிடைக்கவில்லை. நம் மரபு மருந்து ஒன்றை நோபல் அறிஞர் ஒருவர் மதித்து ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் அப்பெருமையை நம்பி, வைரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லிக்கு மாறுவது உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மாத்திரை திடீரென நின்றால் அடங்கியிருந்த வைரஸ் சீறியெழுந்து கல்லீரலைச் செயலிழக்கச் செய்யக்கூடும்.

2020ஆம் ஆண்டின் பரிசு ஹெபடைடிஸ் சி வைரஸுக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹாட்டன், சார்லஸ் ரைஸ் ஆகியோருக்கு வழங்கப்பட்டது. இரத்தம் ஏற்றியவர்களுக்கு 'ஏ'யும் அல்லாத 'பி'யும் அல்லாத ஒரு காமாலை வருவதை 1970களில் ஆல்ட்டர் குழு கண்டது. 1989இல் ஹாட்டனும் அவருடைய சகாக்களும் வைரஸின் மரபுப் பொருளைப் பிடித்தனர். அந்தச் சகாக்களான கூய்-லிம் சூ, ஜார்ஜ் குவோ ஆகியோரைச் சேர்க்கவில்லை என்பதற்காக, 2013இல் கனடாவின் கெய்ர்ட்னர் விருதை ஹாட்டன் ஏற்க மறுத்தார். எங்களுக்கு அவர்மேல் தனி மதிப்பு ஏற்பட்டது அச்செயலால்தான்.

இந்தப் பரிசில் காலவரிசை தலைகீழானது. பரிசு வருவதற்கு முன்பே நோய் தீர்க்கும் மருந்து வந்துவிட்டது. 2013இன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோபோஸ்புவிர், 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் என்ற விலையில் விற்கப்பட்டது. இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்று அதைத் தயாரித்தபின் விலை மிகக் குறைந்தது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் இப்போது அரசு மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அந்த நாள் பிளம்பர்க்கின் பிறந்த நாளும் ஆகும். நூறு பேர் முழுமையாகச் சாப்பிட்டால் 95 பேருக்கும் மேல் வைரஸ் நீங்குகிறது. நாட்டில் இரத்த வங்கிகளில் இந்த வைரஸுக்கான பரிசோதனை 2001இல்தான் கட்டாயமாயிற்று. அதற்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் ஒருமுறையேனும் பரிசோதித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். தீரக்கூடிய நோய் என்று தெரியாமலேயே அதனைச் சுமந்துகொண்டிருப்பவர்கள் நம்மிடையே உள்ளனர்.

பட்டினியும் பரிசும்

நோபல் என்ற சொல்லால் எங்கள் நோயாளிகளுக்கு நேர்ந்த தீங்குகளில் முதன்மையானதை இங்குக் கூறியாக வேண்டும். 2016இல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு, உயிரணு தன் பழைய பகுதிகளைத் தானே உண்டு புதுப்பித்துக்கொள்ளும் 'ஆட்டோஃபேஜி' என்ற நிகழ்வை விளக்கியதற்காகப் பரிசு கிடைத்தது. அவர் ஆராய்ந்தது ஈஸ்ட்டை. ஊட்டம் இல்லாத ஊடகத்தில் ஈஸ்ட் உயிரணுக்களை வைத்து அந்நிகழ்வை நுண்ணோக்கியில் கண்டார். அதிலிருந்து, "பட்டினி கிடந்தால் எல்லா நோயும் தீரும்; நோபல் பரிசே இதற்குத்தான்" என்று யாரோ கிளப்பிவிட்ட காணொளிகள் ஆண்டுதோறும் அக்டோபரில் மறுபடியும் கைபேசிகளில் வலம் வருகின்றன.

சிரோசிஸ் உள்ள ஒருவரின் கல்லீரலால் சர்க்கரையைப் போதிய அளவு சேமித்து வைக்க இயலாது. நலமாக உள்ளவர் இரண்டு மூன்று நாட்கள் உண்ணாதிருந்தால் நேரும் நிலை, இவருக்கு ஓர் இரவிலேயே வந்துவிடுகிறது. உடல் தன் தசையைக் கரைத்து ஆற்றல் தேடுகிறது. தசை கரைந்தால், அம்மோனியாவை அகற்ற உதவும் ஓர் இடமும் குறைகிறது, மூளை மந்தமாகிறது. நாளொன்றுக்கு 16 மணி நேரம் உண்ணாதிருந்து, மூன்றாம் வாரத்தில் தம் மகளின் பெயரையே சொல்லத் தெரியாத நிலையில் அழைத்து வரப்பட்ட ஒருவரை நாங்கள் கண்டிருக்கிறோம். அவருக்கு நாங்கள் செய்த சிகிச்சையில் ஒரு பகுதி, இரவு படுக்கப் போகுமுன் சிற்றுணவு தருவதே ஆகும். சிரோசிஸ் நோயாளிகள் அனைவருக்கும் இதனை வலியுறுத்துகிறோம்: இரவு 9 அல்லது 10 மணிக்கு இரண்டு இட்லியோ, ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கஞ்சியோ, பாலும் சில பிஸ்கட்டுகளுமோ எடுத்துக்கொள்ளுங்கள். காலை உணவைத் தள்ளிப்போடாதீர்கள். பருப்பு, பயறு, தயிர், முட்டை போன்ற புரத உணவுகளை, எங்கள் உணவியல் வல்லுநர் தடுத்தாலன்றிக் குறைக்காதீர்கள். விரத நாட்களிலும் இதுவே விதி. இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் பட்டினியால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் எவ்விதப் பட்டினி முறையையும் தொடங்கக் கூடாது.

இதேபோல் 2018ஆம் ஆண்டின் பரிசும் பெரும் எதிர்பார்ப்பைத் தோற்றுவித்தது. புற்றுநோய்க்கு எதிராக உடலின் எதிர்ப்பாற்றலைக் கட்டவிழ்த்துவிடும் வழியைக் கண்டதற்காக ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோஞ்சோவும் அதனைப் பெற்றனர். அவ்வகை மருந்துகள் இன்று கல்லீரல் புற்றுநோயில் சிலருக்குப் பயன்படுகின்றன. எல்லாருக்கும் அன்று. கட்டவிழ்ந்த எதிர்ப்பாற்றல் குடலையும் கல்லீரலையுமே தாக்கக்கூடும். மாற்று உறுப்புப் பெற்றவர்களுக்கு அவ்வுறுப்பை உடல் ஏற்காமல் தள்ளும் ஆபத்தும் உண்டு. "நோபல் ஊசியை ஏன் எங்களுக்குத் தரவில்லை" என்று கேட்கும் உறவினர்களின் வேதனையை நாங்கள் உணர்கிறோம். பல நேரங்களில் அதைத் தராததற்குக் காரணம் பணமன்று. அந்நோயாளியின் கல்லீரல் அதனைத் தாங்காது என்பதே.

ரால்ப் ஸ்டைன்மனை இங்கு நினைவுகூர்வது பொருத்தம். எதிர்ப்பாற்றலை இயக்கும் ஒருவகை உயிரணுக்களைக் கண்டவர் அவர். தமக்குக் கணையப் புற்றுநோய் வந்தபோது, அவ்வுயிரணுக்களை அடிப்படையாகக் கொண்ட ஆய்வுச் சிகிச்சைகளையும் தம் உடலில் செய்துகொண்டார். வழக்கமான மருந்துகளையும் விடவில்லை. 2011 செப்டம்பர் 30 அன்று அவர் இறந்தார். அக்டோபர் 3 அன்று, அச்செய்தி அறியாமலேயே அவருக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. நல்லெண்ணத்துடன் எடுத்த முடிவு என்பதால் பரிசு நிலைநிறுத்தப்பட்டது. அவர் நோயோடு வாழ்ந்த நான்கரை ஆண்டுகளில் அந்தச் சிகிச்சைகளின் பங்கு எவ்வளவு என்பதை ஒரே ஒரு நோயாளியை வைத்து எவராலும் கூற இயலாது.

2025இல் யாருக்கு?

தேநீர் அறை ஊகத்தில் எங்கள் துறையினர் பெரும்பாலோர் சுட்டிய பெயர், குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்னும் இயக்குநீர். அதனைப் பின்பற்றி உருவான செமாகுளுடைடு போன்ற ஊசிகள் சர்க்கரை நோயிலும் உடற்பருமனிலும் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்துள்ளன. 2024இல் லாஸ்கர் விருது இதற்காக ஜோயல் ஹேபனர், ஸ்வெட்லானா மொய்சோவ், லோட்டே நுட்சன் ஆகிய மூவருக்குக் கிடைத்தது. 2025இல் பிரேக்த்ரூ பரிசு டேனியல் டிரக்கரையும் யென்ஸ் ஹோல்ஸ்டையும் சேர்த்து ஐவருக்கு வழங்கப்பட்டது. ஐவரை மூவராக்க முடியாமலேயே ஸ்டாக்ஹோம் தயங்கக்கூடும் என்பது எங்களுள் ஒருவரின் வாதம். மொய்சோவின் பங்கு பல ஆண்டுகள் போதிய அளவு பேசப்படாமல் இருந்ததால், அவர் பெயர் விடுபடக் கூடாது என்பதே எங்கள் விருப்பம்.

பரிசு வந்தாலும் வராவிட்டாலும் இவ்வூசிகளைப் பற்றிய கேள்விகள் வரத்தான் போகின்றன. கொழுப்புக் கல்லீரலில் அழற்சியும் ஓரளவுக்கு மேல் தழும்பும் ஏற்பட்டவர்களுக்குச் செமாகுளுடைடைப் பயன்படுத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஆகஸ்டில் அனுமதி அளித்தது. உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்தே அந்த அனுமதி. சிரோசிஸ் நிலையை அடைந்துவிட்டவர்களுக்கு அன்று. ஸ்கேன் அறிக்கையில் 'கொழுப்புக் கல்லீரல், முதல் நிலை' என்று மட்டும் இருப்பவர்களுக்கு இந்த ஊசி தேவைப்படுவதில்லை. எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பைக் கற்கள் உருவாகலாம். தசையும் சேர்ந்து குறையலாம்.

வேறு மருத்துவரிடம் இவ்வூசியை ஏற்கெனவே போட்டுக்கொள்பவர்கள், எண்டோஸ்கோப்பிக்கோ அறுவைக்கோ நாள் குறிக்கும்போதே அதனை எங்கள் செவிலியரிடம் கூறிவிடுங்கள். இம்மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், முந்தைய இரவு உண்டது காலையிலும் உள்ளே தங்கியிருந்து, மயக்க மருந்து தரும்போது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். கடைசியாக ஊசி போட்ட தேதியை மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொண்டுவந்தால் போதுமானது.